கூண்டு மீனுக்கு இலைச்சாறு: ஊற்றுவதா, ஊட்டுவதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் உபின் தீவுக்குப் பக்கத்தில் ஒரு மிதவைப் பண்ணை. தலைக்குப் பத்து கிராம் எடையில் 3,000 சீ பாஸ் குஞ்சுகள், நம் பேச்சில் கொடுவா, வந்து இறங்கி ஐந்து நாள் ஆகிறது. வால் அரித்திருக்கிறது, விலாவில் வெளிறிய திட்டு, சிலவற்றுக்கு வாயோரம் புண். தினமும் நாற்பது, ஐம்பது செத்து மிதக்கின்றன. ஆண்டிபயாட்டிக் போட மனமில்லை. கொய்யா இலை, வேப்பிலை, மஞ்சள் மூன்றையும் கொதிக்கவைத்துக் கூண்டில் ஊற்றலாமா, எவ்வளவு ஊற்றுவது?

கூண்டில் ஊற்றாதீர்கள். கணக்கே இடம் கொடுக்கவில்லை.

ஒரு சாரம் பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கும்போது, ஒரு மில்லி திரவத்தில் குறைந்தது எவ்வளவு சாரம் இருந்தால் அது பெருகாமல் நிற்கிறது என்று அளப்பார்கள். வேலை செய்யும் ஆண்டிபயாட்டிக்குக்கு அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரோகிராம், சில சமயம் அதற்கும் கீழே. சுத்திகரிக்காத இலைச் சாரத்துக்குச் சில நூறு மைக்ரோகிராமில் தொடங்கிப் பல மில்லிகிராம் வரை போகும். உங்கள் கொய்யா இலைச் சாரம் மில்லிக்கு 1 மில்லிகிராமில் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கூண்டு 5 மீட்டருக்கு 5 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்றால் 75,000 லிட்டர் நீர். லிட்டருக்கு 1 கிராம் வீதம் 75 கிலோ காய்ந்த சாரம் வேண்டும். நூறு கிலோ உலர் இலையிலிருந்து பதினைந்து கிலோ சாரம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். ஆகவே அரை டன் உலர் இலை. அதையும் கொட்டினால் ஜொகூர் நீரிணையின் நீரோட்டம் வலையைக் கடந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு குடம் கஷாயம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

அதே இலையைத் தீவனத்தில் சேர்த்தால் கணக்கு அடியோடு மாறுகிறது. 3,000 குஞ்சும் சேர்ந்து 30 கிலோ. இந்த அளவுக் குஞ்சு நாளைக்கு உடல் எடையில் 5 சதவீதம் தின்னும் என்றால் 1.5 கிலோ தீவனம். கிலோவுக்கு 20 கிராம் இலைப்பொடி வீதம் ஒரு நாளைக்கு மொத்தமே 30 கிராம் போதும். ஒவ்வொரு கிராம் தீவனத்திலும் 20 மில்லிகிராம் பொடி, அதில் 15 சதவீதம் கரையும் சாரம் என்றால் 3 மில்லிகிராம். குடலில் நீர் சேர்ந்து இரண்டு மூன்று மடங்கு நீர்த்தாலும், ஆய்வுக்கூடத் தட்டில் வேலை செய்த அளவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

குடலைத் தாண்டியதும் நிலைமை வேறு. ரத்தத்துக்குப் போய்ச் சேரும் பங்கு மிகச் சிறியது. ஈரல் அதையும் உடைத்துவிடும். சிறுநீரகத்திலும் மூளையிலும் குடியேறிவிட்ட பாக்டீரியாவைக் கொல்லும் அளவு அங்கே சேராது. தீவனத்தில் கொடுத்த மூலிகை உடலுக்குள் செய்யும் முக்கிய வேலை மீனின் சொந்த எதிர்ப்பைக் கூட்டுவது. லைசோசைம் என்ற நொதி ரத்தத்திலும் மேல் வழுவழுப்பிலும் கூடுகிறது, வெள்ளணுக்கள் பாக்டீரியாவை விழுங்கும் வேகம் கூடுகிறது. இதற்கு இரண்டு வாரமாவது ஆகும். நோய் கண்ட பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிட்டது. தவிர, நோய்ப்பட்ட மீன் முதலில் விடுவது தீனியைத்தான். எந்த மீனுக்கு மருந்து வேண்டுமோ அந்த மீன் அதைத் தின்னாது.

அதனால் உங்கள் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. இப்போது சாகிற குஞ்சுகளுக்கு என்ன செய்வது, அடுத்த தொகுதி இந்த நிலைக்கு வராமல் இருக்க என்ன செய்வது. இலைக்கு இடம் இரண்டாவதில்.

முதலில் இப்போதைய சாவு. நீங்கள் சொல்லும் அறிகுறிகள், பயணம் முடிந்து இறங்கிய கொடுவாக் குஞ்சில், டெனாசிபாக்குலம் மாரிடிமம் என்ற கடல் பாக்டீரியாவை நினைக்க வைக்கின்றன. பையில் நெருக்கியடித்து வரும்போது தோல் உராய்கிறது, வழுவழுப்பு போகிறது, அங்கே இது ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. பின்னாலேயே விப்ரியோ என்ற பாக்டீரியா வகைகள் புண் வழியாக உள்ளே போகின்றன. ஆனால் தோல் ஒட்டுண்ணிப் புழு மொய்த்தாலும் ஏறத்தாழ இதே தோற்றம்தான். எனவே சாகக் கிடக்கும் நாலைந்து குஞ்சைப் பிடித்து, விலாவையும் செவுளையும் மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நூறு மடங்கு பெரிதாக்கும் சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள். புழு இருந்தால் அசைவது தெரியும். நானூறு மடங்கில், புண் ஓரத்தில் நீளமான மெல்லிய குச்சிகள் கொத்துக் கொத்தாக வழுக்கி நகர்ந்தால் டெனாசிபாக்குலம் என்ற சந்தேகம் வலுக்கும்.

இரண்டுக்கும் உதவும் ஒன்று உண்டு: நன்னீர்க் குளியல். கொடுவா உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழும் மீன்; அந்தப் புழுவும் இந்தப் பாக்டீரியாவும் அப்படி இல்லை. ஆயிரம் லிட்டர் தொட்டியில் நன்னீர், கூண்டு நீரின் அதே வெப்பநிலை, பலமான காற்றோட்டம், ஒரு முறைக்குப் பத்து கிலோ மீன், 10 முதல் 15 நிமிடம். குழாய் நீரை முதல் நாள் பிடித்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமின். அது ஓர் இரவில் பறக்காது. மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியையோ சோடியம் தயோசல்ஃபேட்டையோ போட்டுத்தான் ஆக வேண்டும். முதலில் இருபது குஞ்சில் செய்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். செத்ததை நாளுக்கு இரண்டு தடவை அள்ளுங்கள். செத்த மீனைக் கொத்தும் மீனுக்கு நோய் நேராகத் தொற்றும்.

கூடவே ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி கொடுங்கள். செத்து ஒரு மணி நேரமான மீன் பயன்படாது. 30 டிகிரி நீரில் அதற்குள் குடல் பாக்டீரியா உடல் முழுக்கப் பரவியிருக்கும். உயிரோடு, ஆக்சிஜன் அடைத்த பையில் அனுப்புவது நல்லது. ஆய்வுக்கூடத்திடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: கடல்நீர் அகாரிலும் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) வளர்த்துப் பார்க்க வேண்டும். டெனாசிபாக்குலம் சாதாரண ஊடகத்தில் வளராது. விப்ரியோவுக்கான டிசிபிஎஸ் அகாரில் மட்டும் பார்த்தால் அறிக்கை எப்போதும் விப்ரியோ என்றே வரும், ஏனென்றால் கடல் மீனின் தோலில் விப்ரியோ இல்லாத நாள் கிடையாது. வளர்ந்த மீன் சுழன்று நீந்தினால், கண் பிதுங்கினால், மூளையிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே ஆக இருக்கலாம். அந்தப் பாக்டீரியா கையில் இருக்கும் கீறல் வழியாக மனிதருக்கும் தொற்றும், அதனால் கையுறை இல்லாமல் அறுக்காதீர்கள். செதில் கொத்தாக உதிர்ந்தால் வைரஸ் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பூண்டும் பயனில்லை, ஆண்டிபயாட்டிக்கும் பயனில்லை.

இனி இலைக்கு வருகிறேன். தாவரம் என்பதால் கெடுதல் செய்யாது என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். தமிழ்நாட்டில் மீன் குளத்தில் குஞ்சு விடுமுன், களை மீனைக் கொல்ல இலுப்பைப் பிண்ணாக்கு போடுவார்கள். ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ. அதிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் செவுள் வழியாகப் போய் ரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும். தேயிலை விதைப் பிண்ணாக்கும் அப்படியே. காக்கைக்கொல்லி விதையைப் போட்டு ஓடையில் மீன் பிடித்த வழக்கம் நம் ஊர்களில் பழையது. நுரைக்கிற தாவரச் சாறு எதுவாக இருந்தாலும் நீரில் விடுமுன் அஞ்ச வேண்டும். வேம்பும் இந்த வரிசையில் வரும். வேப்பிலைச் சாற்று நீரில் வைத்த மீன்களின் செவுள் சிதைந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வேப்பங்கொட்டைச் சாறு அதைவிடக் கடுமை. உங்கள் பட்டியலிலிருந்து வேம்பை எடுத்துவிடுங்கள். கசப்பும் அதிகம், குஞ்சு தீவனத்தைத் துப்பும். கிராம்பு எண்ணெயும் தட்டில் பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் லிட்டருக்கு 40 முதல் 60 மில்லிகிராம் போனாலே மீன் சில நிமிடத்தில் மயங்கிச் சாயும்; அது மயக்க மருந்து, அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூண்டு என் முதல் தேர்வு, ஏனென்றால் தேக்கா சந்தையில் எந்த நாளும் ஒரே தரத்தில் கிடைக்கிறது, குறைந்த அளவில் மீனுக்கு வாசனையும் பிடிக்கிறது. வேலை செய்வது அல்லிசின். முழுப் பல்லில் அல்லிசின் இல்லை. பல்லை நசுக்கும்போது உள்ளே தனித்தனியாக இருக்கும் அல்லியினும் அல்லினேஸ் நொதியும் கலந்து, அப்போதுதான் உண்டாகிறது. இதைத் தெரியாமல் முழுப் பூண்டைக் கொதிநீரில் போட்டு வேகவைத்தால் நொதி செத்துவிடும், கிடைப்பது பூண்டு ரசம்தான். கிலோ தீவனத்துக்கு உரித்த பூண்டு 30 கிராம். பச்சைப் பூண்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பதால் இது 10 கிராம் பொடிக்குச் சமம். மையாக இடித்து 10 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு 20 மில்லி மீன் எண்ணெயில் குழைத்து, தீவனத்தில் ஊற்றிப் புரட்டி, நிழலில் மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம். அன்றே போட்டு முடியுங்கள். அல்லிசின் நிலையில்லாத பொருள், நாளைக்கு வைத்தால் வாசனை இருக்கும், வேலை குறைந்துவிடும். கிலோவுக்கு 20 கிராம் பொடிக்குச் சமமான அளவைத் தாண்டினால் குஞ்சு ஒதுக்க ஆரம்பிக்கும், வளர்ச்சியும் தேங்கலாம்.

கொய்யா இலையில் டானின்களும் குவெர்செட்டின் வகைகளும் இருக்கின்றன. திலாப்பியாவில் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவுக்கு எதிராக நன்றாகச் சோதிக்கப்பட்ட இலை இது. இங்கே சிக்கல் இலை எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்குகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஓரம் நிற்கும் கொய்யா மரத்தில் பறிக்காதீர்கள். டெங்கிக்காகக் கொசுப்புகை அடிக்கும் இடங்களில் இலைமேல் பைரெத்ராய்டு என்ற பூச்சிமருந்து படியும்; மனிதருக்கு அவ்வளவு கெடுதல் செய்யாத அந்த மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. பூங்காவில் பறிப்பதோ சட்டப்படி குற்றம். மருந்தடிக்காத தோட்டம் என்று உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து, முற்றிய, புள்ளி விழாத இலையை வாங்குங்கள்.

காயவைப்பது அடுத்த சிக்கல். ஊரில் திண்ணையில் உலர்த்துவதுபோல இங்கே உலர்த்தினால், இந்த ஈரக்காற்றில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நச்சு கொடுவாவின் ஈரலைத் தாக்கும், எதிர்ப்பைக் குறைக்கும். நோயைத் தடுக்கப் போட்டது நோய்க்கு வழி திறந்துவிடும். உலர்த்தும் பெட்டியில் 40, 45 டிகிரியில், மடித்தால் சட்டென முறியும்வரை வையுங்கள். அரைத்து மாவுச் சல்லடையில் சலித்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். பறித்த நாளையும் மரத்தையும் மேலே எழுதுங்கள். ஒரே மரத்து இலை மழை மாதத்திலும் வெயில் மாதத்திலும் ஒன்றுபோல் இராது.

பொடியை நேராகத் தீவனக் குருணையில் ஒட்டினால் பாதி நீரில் உதிர்ந்துவிடும். இப்படிச் செய்யுங்கள். 100 கிராம் பொடியை ஒரு லிட்டர் சூடான நீரில், கொதிக்கவிடாமல், மூடி போட்டு அரை மணி நேரம் வைத்துக் கிளறி, வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். அந்தச் சாற்றைச் சிறு தீயில் 250 மில்லியாகச் சுண்டவைத்து ஆறவிடுங்கள். இது 5 கிலோ தீவனத்துக்கு. கிலோவுக்கு 50 மில்லி என்பதுதான் குருணை உடையாமல் குடிக்கும் அளவு. அதற்கு மேல் தெளித்தால் கூழாகிவிடும். தெளிப்பானால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் புரட்டி, உலரவிட்டு, கடைசியில் கிலோவுக்கு 20 மில்லி மீன் எண்ணெய் பூசுங்கள். எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் டானின் கடலில் கரைந்து குருணையைச் சுற்றிப் பழுப்பு நீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும்.

மஞ்சளைப் பற்றி ஒரு தவறு மிகப் பரவலாக இருக்கிறது. குர்க்குமின் நீரில் கரையாது. மஞ்சள் நீர் என்று மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் மிதக்கும் துகள். அடியில் வண்டலாக இறங்கியதும் மேல்நீரில் ஒன்றுமில்லை. எண்ணெயில் குழைத்துத் தீவனத்தில் பூசுங்கள், கிலோவுக்கு 5 கிராம். விரலி மஞ்சள் வாங்கி நீங்களே அரைப்பது மேல். பளபளப்புக்காக ஈயக் குரோமேட் கலந்த பொடிகள் தெற்காசியாவில் பிடிபட்டிருக்கின்றன, அந்த ஈயம் மீன் வழியாகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகும்.

கடற்கரையில் உதிர்ந்து கிடக்கும் கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை, சண்டை மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் போடுவது. நன்னீரில் அது டானினையும் அமிலத்தையும் விட்டு நீரை லேசாகப் புளிப்பாக்குகிறது, பூஞ்சையையும் ஓரளவு பாக்டீரியாவையும் அடக்குகிறது. கடல்நீரில் கார்பனேட் அந்த அமிலத்தை உடனே சமன்செய்துவிடும். கடல் கூண்டில் அதற்கு வேலையில்லை.

தட்டுச் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் பண்ணைக்காரர்களும் சேர்ந்து இதை அடிக்கடி செய்கிறார்கள். அகாரில் பாக்டீரியாவைப் பரப்பி, சாரம் நனைத்த தாள் வட்டை நடுவில் வைத்து, சுற்றிலும் தெளிந்த வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பது. வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து வலிமை என்று எடுத்துக்கொள்வது தவறு. வட்டத்தின் அளவு சாரம் அகாரில் எவ்வளவு பரவுகிறது என்பதையும் பொறுத்தது. எண்ணெய்ப் பொருள் பரவாது, அதனால் நல்ல சாரமும் சிறு வட்டம் காட்டும். சாராயத்தில் எடுத்த சாரத்தை முழுதாக உலரவிடாமல் வைத்தால், வட்டத்தை உண்டாக்கியது சாராயமாகவே இருக்கலாம். வெறும் கரைப்பான் நனைத்த வட்டு ஒன்று பக்கத்தில் கட்டாயம் வேண்டும்.

இதைவிட நம்பத்தக்கது 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்த்துப் பார்ப்பது. ஒவ்வொரு குழியிலும் பாக்டீரியா மில்லிக்கு ஏறத்தாழ 5 லட்சம் இருக்க வேண்டும், கடல் பாக்டீரியா என்றால் ஊடகத்தில் உப்பு வேண்டும், வெப்பநிலை நம் கடலுக்கு ஏற்ப 28 டிகிரி. இலைச் சாரம் தானே கலங்கலாக இருப்பதால் கலங்கலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ரெசசுரின் சாயம் விட்டால் உயிருள்ள குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். சாரமே சாயத்தின் நிறத்தை மாற்றுகிறதா என்று பாக்டீரியா இல்லாத குழி ஒன்றிலும் பாருங்கள். பொதுவாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை தாவரச் சாரத்துக்கு எளிதில் அடங்கும். விப்ரியோ, ஏரோமோனாஸ் போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் சாரம் உள்ளே நுழைவது கடினம். கார்வக்ரோல், தைமால் போன்ற ஓம வாசனைப் பொருள்கள் அந்தச் சவ்வையே குலைக்கும் என்பதால் விப்ரியோவிடமும் எடுபடுகின்றன. இன்னொரு நுட்பமும் உண்டு. விப்ரியோ ஹார்வேயி தங்களுக்குள் வேதிச் செய்தி பரிமாறி, கூட்டம் சேர்ந்த பிறகே நஞ்சைச் சுரக்கும். இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு போன்றவை கொல்லாமலே அந்தச் செய்தியைக் கெடுக்கும். தட்டில் வட்டம் விழாது, ஆனாலும் தொற்று தணியலாம். ஆகவே வட்டம் இல்லை என்று உடனே தூக்கி எறியவும் வேண்டாம்.

எப்போது கொடுப்பது என்பதுதான் பாதி வெற்றி. அடுத்த தொகுதிக் குஞ்சு, பொரிப்பகத்தில் இருக்கும்போதே, ஏற்றுவதற்கு இரண்டு வாரம் முன்னால் பூண்டுத் தீவனம் தொடங்கக் கேளுங்கள். விற்பவர் ஒத்துக்கொண்டால் அது நீங்கள் இங்கே செய்யும் எதையும்விடப் பெரிய உதவி. இறங்கியதும் முதல் நாள் பட்டினி, இரண்டாம் நாள் சிறிது தீனி, பசி திரும்பியதும் மீண்டும் இரண்டு வாரம். வளர்ந்த மீனுக்கு, தரம் பிரிப்பதற்கும் வலை மாற்றுவதற்கும் இரண்டு வாரம் முன்னதாக. டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் ஜொகூர் நீரிணையின் உப்பு சட்டென இறங்கும். நவம்பர் நடுவிலேயே ஆரம்பித்துவிடுங்கள். வருடம் முழுக்க விடாமல் கொடுப்பது நல்லதில்லை. இடைவிடாத தூண்டலுக்கு எதிர்ப்பு மண்டலம் பழகி மந்தமாகும். மூன்று, நான்கு வாரம் கொடுத்தால் அதே அளவு இடைவெளி விடுங்கள்.

மிதவைப் பாசி பெருகிக் கடல் நிறம் மாறும் நாளில் மூலிகைத் தீவனத்தை மட்டுமில்லை, எல்லாத் தீவனத்தையும் நிறுத்துங்கள். 2014, 2015 ஆண்டுகளில் கிழக்கு ஜொகூர் நீரிணையில் பாசிப் பெருக்கத்தால் பண்ணை மீன்கள் பெருமளவில் செத்தன. அந்த நேரத்தில் மீனைக் காப்பது காற்றோட்டமும் தடுப்புத் துணியும். பாக்டீரியா அங்கே எதிரியே இல்லை.

பலன் இருந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரே நாளில் வந்த குஞ்சை ஒரே எண்ணிக்கையில் ஆறு கூண்டில் பிரியுங்கள். மூன்றுக்கு மூலிகைத் தீவனம், மூன்றுக்கு அதே தீவனத்தில் எண்ணெய்ப் பூச்சு மட்டும். மூலிகைக் கூண்டுகளை ஒரே பக்கமாக வைக்காதீர்கள். நீரோட்டம் முதலில் தொடும் கூண்டு எப்போதும் நன்றாகவே வளரும். ஒன்றுவிட்டு ஒன்றாக வையுங்கள். 28 நாள், தினமும் செத்ததை எண்ணி எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, எண்ணெய் மட்டும் பூசிய கூண்டுகளில் 18 சதவீதமும் மூலிகைக் கூண்டுகளில் 11 சதவீதமும் செத்தால், 11ஐ 18ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.39, சாவு 39 சதவீதம் குறைந்திருக்கிறது. மூன்று கூண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தால் நம்பலாம். ஒன்று 2, மற்றொன்று 25 என்று சிதறினால் மூலிகையைப் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம், காரணம் வேறெங்கோ இருக்கிறது. பாக்டீரியாவை ஊசியால் செலுத்திச் சோதிக்கும் வேலையைப் பண்ணையில் செய்யக்கூடாது. அது விலங்குச் சோதனை அனுமதி பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு உரியது.

ஆண்டிபயாட்டிக் வேண்டாம் என்ற உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளைக் கட்டுப்படுத்தும் தேசியச் செயல்திட்டம் இங்கே 2017 நவம்பரில் வந்தது. அதில் மனிதர், விலங்கு, உணவு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. மீன் கிருமி மனிதரைத் தொட்ட அனுபவமும் நமக்கு உண்டு. 2015இல் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களுக்கு பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றியதும், அந்த டிசம்பரில் கடைகளில் பச்சை நன்னீர் மீன் உணவு தடைசெய்யப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனாலும் ஆய்வு அறிக்கை வந்து, கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவை, சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள். பாதி நாளில் நிறுத்தி மீதிக்கு மூலிகை கொடுப்பதுதான் கிருமியின் எதிர்ப்புத்திறனை வளர்க்கும் வழி. அந்த நாட்களில் இலைச் சாற்றைக் கலக்கவும் வேண்டாம். டானின் மருந்தைப் பிடித்துக்கொண்டால் உடலில் சேரும் அளவு குறையும். அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். மூலிகைத் தீவனத்தைப் பயன்படுத்துவதையும் பண்ணைப் பதிவேட்டில் குறித்து, சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து என்று சொல்லி விற்கும் பொட்டலத்துக்கும் தீவனத்தில் சேர்க்கும் பூண்டுக்கும் விதிகள் ஒன்றாக இரா. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே உறுதியானால் கொடுவாவுக்குத் தடுப்பூசி உண்டு. அந்த ஒரு நோய்க்கு எந்த இலையும் தடுப்பூசிக்கு ஈடாகாது.

இப்போதைக்கு: நாளைக் காலை நுண்ணோக்கி, இருபது குஞ்சில் நன்னீர்க் குளியல், மாதிரி அனுப்புதல். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். சாவு மூன்று நாள் தொடர்ந்து இறங்கி, குஞ்சுகள் மேலே வந்து தீனிக்கு மோதும் நாளில் பூண்டைத் தொடங்குங்கள். நான்காம் நாளும் நாற்பதுக்குக் குறையாமல் மிதந்தால் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பண்ணைக்கே அழைத்துவாருங்கள்.